திறப்பைக் கொடுக்க முன்

அன்பு மகளுக்கு,

டொராண்டோ வேலை இரண்டு வருடத்துக்கு உறுதியாகிவிட்டது, இங்கிலாந்தில் உள்ள லூட்டன் வீட்டை வாடகைக்கு விடப்போகிறாய். நல்லது. ஒன்றை மட்டும் மனதில் வை: பேப்பர் வேலை முழுக்கத் திறப்பு (சாவி) கைமாற முன்னரே முடிய வேண்டும்.

முதலில் மோர்கேஜ் (வீட்டுக் கடன்) கொடுத்த வங்கிக்கு எழுதி, வாடகைக்கு விட அனுமதி வாங்கு. வீட்டுக் காப்புறுதியையும் வாடகை வீட்டுக்குரியதாக மாற்று. பழையதை வைத்திருந்தால் பைப் வெடித்த அன்றுதான் அது செல்லாது என்று தெரியவரும். அந்தத் தெருவில் வீடு வாடகைக்கு விட லைசென்ஸ் வேண்டுமா என்று கவுன்சில் இணையத்தளத்தில் பார். பக்கத்துத் தெருவில் தேவையில்லாதது உன் தெருவில் தேவைப்படலாம்.

காஸ் சேஃப் (காஸ் வேலை செய்பவர்களின் பதிவேடு) பதிவுள்ளவர் வருடத்துக்கு ஒருமுறை பொய்லரையும் (வீட்டைச் சூடாக்கும் கருவி) காஸ் அடுப்பையும் சோதிக்க வேண்டும். சான்றிதழின் முடிவுத் தேதிக்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் செய்வித்தால் பழைய தேதி மாறாது. எனவே கடைசி வாரம் வரை இழுக்காதே. கரண்ட் சோதனை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. அந்த அறிக்கையில் சி1 (உடனடி ஆபத்து), சி2 (ஆபத்து வரலாம்), எஃப்.ஐ. (மேலும் ஆராய வேண்டும்) என்று ஏதாவது இருந்தால் 28 நாளுக்குள் திருத்த வேண்டும், சி1 என்றால் அதுவரை பொறுத்திருக்கவே கூடாது. சி3 வெறும் ஆலோசனை. அதைக் காட்டிப் பெரிய பில் தருகிற எலெக்ட்ரீஷியனிடம் இரண்டாவது விலை கேள். ஈ.பி.சி. (வீட்டின் எரிசக்திச் சான்றிதழ்) தரம் குறைந்தது 'ஈ' இருக்க வேண்டும். ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு புகை அலாரம், பொய்லர் உள்ள அறையில் கார்பன் மொனொக்சைட் அலாரம். குடிவருகிற அன்றே பொத்தானை அமத்திப் பார்த்து, குடிவருபவர்களிடம் கையெழுத்து வாங்கு.

இங்கிலாந்தில் குடியிருக்கும் உரிமையைப் பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் பார்க்க வேண்டும், ஒப்பந்தத்தில் பெயர் இல்லாதவருக்கும் சேர்த்து. ஈ-விசா (இணையவழி விசா) உள்ளவர் தருகிற ஷேர் கோடை (விசா விவரம் பார்க்கும் குறியீடு) ஹோம் ஆபிஸ் இணையப் பக்கத்தில் நீயே போட்டுப் பார்த்துச் சேமித்து வை. அவர் அனுப்பிய ஸ்கிரீன்ஷொட் செல்லாது. முகத்தையோ பெயரையோ பார்த்துச் சிலரிடம் மட்டும் கேட்டால் அது பாகுபாட்டு வழக்காகும். நம்மவர் வீட்டுக்காரர்களும் இதைச் செய்கிறார்கள்.

இனி டெபாசிட். ஐந்து வார வாடகைக்கு மேல் வாங்க முடியாது. மாதம் 1,500 பவுண் என்றால் பன்னிரண்டால் பெருக்கி 52ஆல் வகு, வாரத்துக்கு 346.15, ஐந்து வாரம் 1,730.77. ஆகவே 1,730 கேள். 1,731 கேட்டாலும் சட்டமீறல்தான். பணம் வந்து 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த மூன்று பாதுகாப்புத் திட்டங்களில் ஒன்றில் பதிந்து, விவரக் கடிதத்தையும் கொடுத்துவிடு. பிந்தினால் டெபாசிட்டைப் போல் ஒன்று முதல் மூன்று மடங்கு வரை கட்டச் சொல்லலாம். அதைவிட மோசம், டெபாசிட் ஒழுங்காக இல்லாவிட்டால் வீட்டைத் திரும்பக் கேட்டுக் கோர்ட்டுக்குப் போனாலும் அநேகமாகத் தோற்றுவிடுவாய்.

டெபாசிட் குடியிருப்பவர்களுடைய பணம். கழிக்க வேண்டுமென்றால் நிரூபிக்க வேண்டியவள் நீ. அதனால் குடிவர முன் ஓவன் அடுப்பின் உட்புறம், குளியல் தொட்டி ஓரத்து சிலிகோன், கார்ப்பெட் மூலைகள், மீட்டர் எண்கள் எல்லாவற்றையும் தேதியோடு படம் எடு. "நல்ல நிலை" என்று எழுதினால் ஒன்றுக்கும் உதவாது. "வரவேற்பறைக் கார்ப்பெட், ஜன்னலருகே இரண்டு அங்குலப் பழைய கறை" என்று எழுது. பத்து வருடம் உழைக்கக்கூடிய 600 பவுண் கார்ப்பெட் ஆறாம் வருட முடிவில் நாசமானால், மீதி நாலு வருடத்துக்கு 240தான் கேட்கலாம். புதுக் கார்ப்பெட்டின் முழு விலையைக் கேட்பவர்கள் அங்கேதான் தோற்கிறார்கள்.

பூஞ்சணம் நிச்சயம் வரும், அது இந்த நாட்டுக் குளிர். "ஜன்னலைத் திறக்கிறார்களில்லை" என்று உடனே பழி போடாதே. பாத்ரூமில் ஈரக்காற்றை வெளியே இழுக்கும் விசிறியில் ஒரு டிஷ்யூத் துண்டைப் பிடித்துப் பார். ஒட்டி நிற்காவிட்டால் விசிறி இழுக்கவில்லை. மழைக்குப் பிறகு சுவரின் மேல்பகுதியில் ஈரம் பரவினால் கூரைப் பீலி (மழைத் தண்ணீர் ஓடும் குழாய்) அடைத்திருக்கலாம். முறைப்பாடு வந்தால் அன்றே எழுத்தில் பதில் போடு. பார்க்கப் போக முன் குறைந்தது 24 மணி நேர முன்னறிவித்தல், அதுவும் எழுத்தில்.

2026 மே 1இலிருந்து விதிகள் மாறிவிட்டன. ஒரு வருட ஒப்பந்தம் என்று எதுவும் இல்லை, குடியிருப்பவரைக் காரணமில்லாமல் எழுப்பும் வழியும் இல்லை. விளம்பரத்தில் போட்ட வாடகைக்கு மேல் ஒருவர் தருகிறேன் என்றாலும் வாங்கக் கூடாது. குடிவர முன் ஆறு மாத வாடகையை முன்கூட்டியே தந்தாலும் அப்படித்தான். வாடகையைக் கூட்டுவது வருடத்துக்கு ஒருமுறை, இரண்டு மாத நோட்டீஸோடு. நீ திரும்பி வந்து குடியிருக்க விரும்பினால் நாலு மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும், அது முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் முடியவும் கூடாது. பிறகு மனம் மாறினாலும் பன்னிரண்டு மாதத்துக்கு மறுபடி வாடகைக்கு விட முடியாது. ஆகவே கனடா வேலை நீடிக்குமா என்று தெரியும்வரை நோட்டீஸ் கொடுக்காதே.

ஆறு மாதத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தால், வாடகையில் வரியைக் கழித்துக்கொண்டே, வாடகையைச் சேர்க்கிற ஏஜென்ட் மீதியைத் தருவார். வெளிநாட்டில் இருக்கும் வீட்டுக்காரருக்கான என்.ஆர்.எல்.1 படிவத்தை வரித்துறைக்குப் போட்டு அனுமதி வாங்கினால் முழுதும் வரும், ஆனாலும் வருடாந்த வரிக் கணக்குக் காட்டத்தான் வேண்டும். மோர்கேஜ் வட்டியை வருமானத்தில் கழிக்க முடியாது. அடிப்படை வரி விகிதப்படி வட்டியின் ஒரு பங்கு, கட்டுகிற வரியில் மட்டும் குறையும். மாத வாடகையை முழு வருமானம் என்று நினைத்துச் செலவழிக்காதே, பிள்ளை.

குடியிருப்பவர்கள் உனக்கு நோட்டீஸ் அனுப்ப இங்கிலாந்து அல்லது வேல்ஸ் முகவரி ஒன்று கொடுத்தாக வேண்டும். கொடுக்காதவரை அவர்கள் வாடகை கட்ட வேண்டியதில்லை. எங்கள் முகவரியைப் போடு. மாற்றுத் திறப்பு ஒரு செட்டை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போ.

அன்புடன்,
அப்பா