வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் பிரித்தானியத் தமிழர்களுக்கு: மின்சார பில்லில் யாருடைய பெயர்?

லண்டனிலும் அதைச் சூழ்ந்த பகுதிகளிலும் தம் வீட்டின் ஓர் அறையையோ, பின்வளவில் கட்டிய சிறு வீட்டையோ, கடைக்கு மேலே உள்ள ஃபிளாட்டையோ எங்கள் ஆட்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கும் உரிமையாளர்களுக்கு வணக்கம்.

ஆங்கிலப் படிவங்களைக் கண்டு தயங்கும் முதியவர்களுக்கு அவற்றை நிரப்பிக் கொடுப்பதைப் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். கடந்த தை மாதத்தில் ஓர் அம்மா, மருந்துச் சீட்டுகளோடு சேர்த்துப் பையில் மடித்து வைத்திருந்த அரசாங்கக் கடிதம் ஒன்றை என்னிடம் நீட்டினார். வருமானம் குறைந்த ஓய்வூதியர்களுக்கான பென்ஷன் கிரெடிட் கொடுப்பனவைப் பெறுபவரான அவருக்கு மின்சார பில்லில் 150 பவுண் கழிவு கிடைக்கக்கூடும் என்றும், உதவி எண்ணை அழைத்து விவரங்களை உறுதிப்படுத்த வேண்டும் என்றும் அதில் இருந்தது. தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டு அழைத்தோம். பெயர், பிறந்த திகதி, முகவரி என்று எல்லாம் சரியாகவே போய்க்கொண்டிருந்தன. 2025 ஓகஸ்ட் 24 அன்று மின்சார பில் யாருடைய பெயரில் இருந்தது என்ற கேள்வி வந்ததும் அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வீட்டுக்காரத் தம்பியின்ட பேரில" என்றார். அதற்குப் பிறகு மறுமுனையில் இருந்தவருக்குச் சொல்ல அதிகம் இருக்கவில்லை.

வோர்ம் ஹோம் டிஸ்கவுண்ட் எனப்படும் இந்தக் கழிவு 2011 முதல் நடைமுறையில் உள்ளது. சூடாக்க அதிகம் செலவாகும் வீடாகவும் இருக்க வேண்டும் என்று முன்பு பலருக்கு விதிக்கப்பட்டிருந்த நிபந்தனை 2025 குளிர்காலத்தோடு நீக்கப்பட்டதால், யூனிவர்சல் கிரெடிட், ஹவுசிங் பெனிபிட், பென்ஷன் கிரெடிட் போன்ற, வருமானத்தைப் பார்த்து வழங்கப்படும் கொடுப்பனவுகளைப் பெறும் ஏறத்தாழ 60 இலட்சம் குடும்பங்களுக்கு இப்போது இது உரியதாகிறது. ஆனால் அரசு குறிப்பிடும் அந்த ஒரு நாளில் பயனாளியின் பெயரோ அவருடைய துணையின் பெயரோ மின்சார பில்லில் இருந்தாக வேண்டும் என்ற விதி மட்டும் அப்படியே நிற்கிறது.

மற்ற உதவிகளில் இந்தச் சிக்கல் இல்லை. ஓய்வூதிய வயதை எட்டியவர்களுக்கான விண்டர் ஃபியூவல் பேமண்ட், 80 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் உள்ள வீட்டுக்கு 200 பவுணும் அதற்கு மேற்பட்டவர் உள்ள வீட்டுக்கு 300 பவுணுமாக, நேரே வங்கிக் கணக்குக்கு வருகிறது. தொடர்ந்து 7 நாட்கள் சராசரி வெப்பநிலை பூச்சியமாகவோ அதற்குக் கீழாகவோ இருந்தால் 25 பவுண் தரும் கோல்ட் வெதர் பேமண்டும் அப்படித்தான். 150 பவுண் கழிவு மட்டும் ஆளைத் தேடி வராமல் மின்சாரக் கணக்கைத் தேடிப் போகிறது. இதை மாற்றும்படி அரசைக் கேட்பது வேறு வேலை. அதையும் செய்ய வேண்டும். உங்களுக்கு எழுதுவது, உங்கள் கையில் உள்ள பகுதியைப் பற்றி மட்டுமே.

அந்த அம்மா இருக்கும் ஃபிளாட்டுக்குத் தனி மீற்றர் உண்டு. ஆனாலும் "பில் எல்லாம் சேர்த்து" என்று வாடகை பேசி, கணக்கை உரிமையாளர் தன் பெயரிலேயே வைத்திருக்கிறார். தேர்மோஸ்டாட்டின் மேல் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றைப் பொருத்திப் பூட்டியிருக்கிறார். காலையில் ஒரு மணி நேரமும் மாலையில் இரண்டு மணி நேரமும் மட்டுமே ஹீட்டிங் வேலை செய்யும். நான் போன அன்று ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிந்து, சட்டத்தின் மூலைகளில் கறுப்பாகப் பூஞ்சணம் பிடித்திருந்தது. குளிர் நுழையாமல் இருக்க வாசற்கதவின் அடியில் பழைய சேலை ஒன்றைச் சுருட்டி வைத்திருந்தார். உரிமையாளரைக் கொடியவர் என்று சொல்ல மாட்டேன். எல்லையில்லாமல் ஹீட்டிங் போட்டால் பில் தன் தலையில் விழும் என்ற பயம் அவருக்கு. அந்தப் பயத்துக்குக் காரணமே கணக்கு அவர் பெயரில் இருப்பதுதானே.

உங்களில் சிலர் என்னிடம் நேரடியாகச் சொன்ன மறுப்புகள் உண்டு. வாடகைக்கு இருப்பவர் பில் கட்டாமல் போனால் கடன் வீட்டின் மேல் ஏறிவிடும் என்பது ஒன்று. அப்படி ஏறாது, கணக்கு யாருடைய பெயரில் இருக்கிறதோ அவருடைய கடன் அது, கட்டடத்தின் கடன் இல்லை. பெயரை வெளியே காட்டினால் வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கவுன்சிலுக்குத் தெரிந்துவிடும் என்பது, வாய்விட்டுச் சொல்லப்படாத இன்னொன்று. ஒரே குடும்பத்தைச் சேராத ஐந்து பேரோ அதற்கு மேற்பட்டோரோ சமையலறையையோ குளியலறையையோ பகிர்ந்து வாழும் வீட்டுக்கு இங்கிலாந்தில் உரிமம் கட்டாயம் என்பதை நீங்கள் அறிவீர்கள். உரிமம் இல்லாதவர் அஞ்ச வேண்டியது மின்சார பில்லுக்கு இல்லை.

ஆகவே, தனி மீற்றர் உள்ள குடியிருப்பில் கொடுப்பனவு பெறும் ஒருவர் இருந்தால், அவருடைய சம்மதத்தோடு கணக்கை அவர் பெயருக்கு மாற்றிக் கொடுங்கள். அன்றைய மீற்றர் அளவைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு மின்சார நிறுவனத்தை அழைத்துச் சொன்னால் போதும். அந்த நிறுவனம் இந்தத் திட்டத்தில் சேர்ந்திருக்கிறதா என்பதையும் அதே அழைப்பில் கேட்டுவிடலாம். மாற்றியதும், இதுவரை மின்சாரத்துக்கென வாடகையில் சேர்த்து வாங்கிய தொகையைக் குறைத்துவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் அவர் ஒரே மின்சாரத்துக்கு இரண்டு முறை பணம் கொடுக்க நேரும். 150 பவுண் கழிவு வந்தும் பயனில்லை.

பல அறைகளுக்கு ஒரே மீற்றர் உள்ள வீடுகளில் இது எளிதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். எல்லோருடைய பாவனைக்கும் ஒருவரைப் பொறுப்பாளி ஆக்குவது அவருக்கே ஆபத்தாக முடியலாம். அங்கே குறைந்தபட்சம் பில்லின் பிரதியைக் காட்டுங்கள். மின்சாரத்துக்குத் தனியாகப் பணம் வாங்குவதாக இருந்தால், நீங்கள் நிறுவனத்துக்குக் கட்டிய விலையை விடக் கூடுதலாக வாங்கக்கூடாது என்பது, மின்சார, எரிவாயு நிறுவனங்களைக் கண்காணிக்கும் அமைப்பான ஆஃப்ஜெம்மின் விதி. அதை வைத்து இலாபம் பார்ப்பவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். பூட்டிய பெட்டியையும் கழற்றிவிடுங்கள்.

2022 முதல் ஒவ்வோர் ஆண்டும் அந்தக் குறிப்பிட்ட நாள் ஓகஸ்ட் மாதத்திலேயே வந்திருக்கிறது. குளிர் தொடங்கிய பிறகு, கடிதம் வந்த பிறகு மாற்றினால் அந்த ஆண்டுக்குப் பலன் இல்லை என்பதால்தான், வெயில் அடிக்கும் இந்த நாட்களில் ஹீட்டிங்கைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்த அம்மாவின் வீட்டுக்காரரோடு போன கிழமை பேசினேன். "யோசிச்சுச் சொல்லுறன் அண்ணை" என்றார். ஆடி முடிவதற்குள் மறுபடியும் அழைப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.