வார்டியன் பெட்டியைக் கப்பலேறிய கோலத்தில் வையுங்கள்

தாவரவியல் பூங்காக்களின் கண்காட்சிப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். வார்டியன் பெட்டி என்பது செடிகளை உயிரோடு கப்பலில் கொண்டுபோக உதவிய, கண்ணாடிக் கூரை போட்ட மூடிய மரப்பெட்டி. செடி தேடிக் கடல் கடந்தவர்களுக்கான கூடத்தில் வார்டியன் பெட்டி என்று சொல்லி, அலங்காரக் கண்ணாடித் தொட்டியில் பெரணி நட்டு வைத்துவிடாதீர்கள். அது லண்டன் வீடுகளின் வரவேற்பறை வகை. கப்பலேறியது வேறு.

1829-இல் லண்டன் மருத்துவர் நத்தானியேல் வார்டு, அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு ஒன்றை ஈரமண்ணோடு போத்தலில் மூடிவைத்தார். அந்த மண்ணில் தானாக முளைத்த பெரணியும் புல்லும் அவரை யோசிக்க வைத்தன. 1833-இல் அவர் அனுப்பிய பெட்டிகள் சிட்னி போய், ஆஸ்திரேலியச் செடிகளைச் சுமந்து, தென் அமெரிக்காவின் தென்முனையான கேப் ஹார்னின் பனியையும் நிலநடுக்கோட்டு வெயிலையும் தாண்டித் திரும்பின. செடிகள் உயிரோடு இருந்தன.

தச்சரிடம் கனமான பலகை கேளுங்கள். மூன்றடி நீளம் போதும். இருபுறமும் சரியும் கூரையில் ஒரே பெரிய கண்ணாடி வேண்டாம். சிறு துண்டுகளாக மக்கு (புட்டி) வைத்துப் பதித்தால், ஒன்று உடைந்தாலும் பலகைத் துண்டால் அடைத்துவிடலாம். கண்ணாடிக்கு மேல் கம்பிவலையோ ரீப்பரோ (மெல்லிய மரச்சட்டம்) அவசியம். அடியில் கட்டைக் கால்கள் வேண்டும். மேல்தளத்தில் புரளும் கடல்நீர் அவற்றுக்கிடையே ஓடிவிடும்.

மண்ணை நன்றாக நனைத்து, மிகுதித் தண்ணீர் முழுக்க வடிந்த பிறகே வடிதுளையை அடைக்க வேண்டும். இதில் அவசரப்பட்டால் வேர் அழுகும். மண்மேல் பாசி பரப்பி, குறுக்கே ரீப்பர் அடித்துச் செடிகளை இறுக்குங்கள். இல்லாவிட்டால் கப்பல் ஆடும் ஆட்டத்தில் மண்ணோடு பெயர்ந்துவிடும். மூடிய பின் இலையும் மண்ணும் விடும் ஆவி கண்ணாடியில் குளிர்ந்து திரும்ப மண்ணிலேயே சொட்டும். வெளிச்சம் மட்டும் குறையக் கூடாது. பெட்டியைச் சரக்கறைக்குள் இறக்கினால் இருட்டில் செடி வெளுத்துச் சாகும். கண்ணாடி உடைந்தால் உப்புச் சாரல் இலையைக் கருக்கும். இந்த இரண்டு சேதங்களையும் பக்கத்திலேயே படமாகக் காட்டுங்கள்.

விளக்கப் பலகைக்கு 1876-ஆம் ஆண்டு ரப்பர் பயணத்தை எடுத்துக்கொள்ளலாம். பிரேசிலிலிருந்து ஆங்கிலேயர் ஹென்றி விக்காம் கொண்டுவந்த ரப்பர் விதைகள் ஏறக்குறைய 70,000. லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்தில் முளைத்தவை சில ஆயிரமே. அவற்றில் 1,919 கன்றுகள் 38 பெட்டிகளில் இலங்கைக்குக் கப்பலேறின, பெரும்பாலானவை பிழைத்தன. எங்களுக்கு மனத்தாங்கல் ஒன்று உண்டு. விக்காம் பெயர் எங்கும் இருக்கிறது. அந்தப் பெட்டிகளோடு கொழும்புவரை கூடவே போன கியூ தோட்டக்காரர் வில்லியம் சாப்மனின் பெயரைக் காண்பது அரிது. உங்கள் பலகையில் அவர் பெயரையும் அதே அளவு எழுத்தில் பொறியுங்கள்.

இப்படிக்கு,
செடி வளர்ப்போர் சிலர்