தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் பழைய 8(1)(ஜே) பிரிவைத் திருப்பித் தாருங்கள்: நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு உறுப்பினர்களே,

வணக்கம். மணல் லாரியை மடக்கிய வருவாய் ஆய்வாளரின் வீட்டு முகவரியும் கைபேசி எண்ணும் கண்டவர் கையில் போய்ச் சேரக் கூடாது. இதில் எங்களுக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அந்தப் பாதுகாப்பு 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலேயே இருந்ததே! பொதுப் பணியோடு தொடர்பில்லாத விவரத்தையும், அந்தரங்கத்தில் தேவையின்றித் தலையிடும் விவரத்தையும் மறுக்கலாம். பெரிய பொதுநலன் இருந்தால் தரலாம் என்றது பழைய 8(1)(ஜே). நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் மறுக்க முடியாத தகவலை எந்த மனிதருக்கும் மறுக்கக் கூடாது என்று ஒரு வரியும் அதனடியில் இருந்தது. உங்களுக்குச் சமமாக எங்களை உட்கார வைத்த வரி.

2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன் 44(3) பிரிவால் இவை அத்தனையையும் வெட்டிவிட்டது. மிஞ்சியது, 'தனிப்பட்ட தகவல்' என்றால் மறுக்கலாம் என்பது மட்டுமே. 2025 நவம்பரில் அது நடைமுறைக்கும் வந்துவிட்டது.

தெருவில் போட்ட சிமெண்ட் சாலை ஒரு மழைக்கே பெயர்கிறது என்று வையுங்கள். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, எம்-புக் எனும் அளவுப் புத்தகத்தின் நகல் கேட்டுத் தகவல் உரிமை மனுப் போடுவோம். நீளம், அகலம், கனம் எழுதி, 'அளந்தேன்' என்று பொறியாளர் கையெழுத்திட்டிருக்கும் பக்கம்தான் எங்களுக்கு வேண்டும். புதிய சட்டத்தின்படி பெயரும் தனிநபர் தரவுதான். பெயரை மையால் அடித்துக் கொடுத்தால், அளந்தது யார் என்று யாரிடம் போய்க் கேட்பது?

தகவல் உரிமைச் சட்டத்தில் 8(2) பிரிவு இருக்கிறதே, பொதுநலன் இருந்தால் தரலாமே என்கிறது அரசு. உண்மைதான். ஆனால் அதை எடைபோடப் போகிறவர் அதே அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலர், அடுத்த இருக்கைக்காரரின் சகா. பணிப் பதிவுகளும் சொத்து விவரங்களும் தனிப்பட்டவை என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன நாளிலிருந்தே அந்தத் தீர்ப்பைக் காட்டி மனுக்களைத் தள்ளுகிறார்கள். அப்போதாவது மேல்முறையீட்டில் வாதாடப் பழைய வாசகம் இருந்தது.

இன்னொரு வேடிக்கை: அலுவலர்களின் பெயர்ப் பட்டியலையும் மாதச் சம்பளத்தையும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்னும் அதே சட்டத்தின் 4(1)(பி) பிரிவு இன்றும் உயிரோடு இருக்கிறது. எந்தப் பிரிவுக்கு அலுவலர் கட்டுப்படுவார்?

வீட்டு முகவரி, கைபேசி, மருத்துவ விவரம், குடும்பத்தார் விவரம் ஆகியவற்றுக்குத் தனியாக, தெளிவாக ஒரு காப்பு எழுதுங்கள், வரவேற்கிறோம். 44(3)-ஐ நீக்கி, பழைய வாசகத்தை அந்த அடி வரியோடு சேர்த்து மீட்டுத் தாருங்கள். அரசு முன்வராவிட்டால் தனிநபர் மசோதாவாகவாவது வரும் கூட்டத்தொடரில் கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
மனுப் போடும் வாக்காளர்களில் ஒருவர்