பூட்டில்லாத பாட்டை விற்றால் வாங்கக் காத்திருக்கிறேன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் இசைச் செயலிகளைப் பற்றி வந்த கட்டுரை, இனி யாரும் பாட்டை விலைக்கு வாங்கி வைத்துக்கொள்ளத் தேவையில்லை, மாதச் சந்தா போதும் என்று முடிந்திருந்தது. படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. பூட்டுப் போட்ட பாட்டைக் காசு கொடுத்து வாங்கிப் பறிகொடுத்தவன் நான்.

2005-இல் வேலை நிமித்தமாக அமெரிக்காவில் இருந்தேன். நண்பர்கள் இலவசமாக இறக்கிக்கொண்டிருந்த காலத்தில், பாடினவருக்கும் வாசித்தவருக்கும் ஏதாவது போய்ச் சேரட்டும் என்று ஓர் இணையக் கடையில் பாடல்களை ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தேன். மறு ஆண்டு வேறொரு நிறுவனத்தின் பிளேயரை வாங்கினேன். ஒரு பாட்டுகூட அதில் ஏறவில்லை. கோப்பில் கோளாறு ஏதுமில்லை. விற்ற கடை அனுமதிக்கும் கருவியில் மட்டுமே பாடும்படி கோப்புக்குள் போட்டிருந்த டிஜிட்டல் பூட்டுதான் (டிஆர்எம்) காரணம். கடைக்கு எழுதிக் கேட்டேன். சிடியில் பதிந்துகொண்டு, அதிலிருந்து திரும்பக் கணினிக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது.

இரண்டு இரவு உட்கார்ந்து அப்படியே செய்தேன். வாங்கிய கோப்பே நொடிக்கு 128 கிலோபிட் தரத்தில் இருந்தது. சிடியில் இருப்பது நொடிக்கு 1,411 கிலோபிட். காதுக்கு எப்படியும் எட்டாது என்று கணக்குப் போட்டு, பதினொரு பங்கில் பத்தைக் கழித்துவிட்டுத்தான் விற்றிருந்தார்கள். அதை நான் எம்பி3 ஆக்கியபோது, எஞ்சியதிலும் இன்னொரு கழிவு விழுந்தது. மெல்லிசைப் பாடல்களில் அவ்வளவாகத் தெரியவில்லை. அந்தத் தொகுப்பில் ஒரு கச்சேரியின் தனி ஆவர்த்தனம் இருந்தது. கடத்தில் விரல் விழுவதற்கு ஒரு கணம் முன்பே மெல்லிய இரைச்சல் ஒன்று எழுந்தது. விழுந்த பிறகு கேட்க வேண்டிய கணீர் ஓசை, ஈரத்துணியைப் போர்த்திவிட்டுத் தட்டியதுபோல அமுங்கியிருந்தது. தம்புரா சுருதி தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் அலைந்தது. காசு கொடுத்தவன் கையில் இது. சிடியிலிருந்து கள்ளத்தனமாக நகலெடுத்தவன் கையில் இதைவிட நல்ல ஒலி. இந்த அநியாயம் இன்றைக்கும் எனக்குப் பொறுக்கவில்லை.

எனக்கு மட்டும் நடந்ததில்லை இது. மைக்ரோசாஃப்ட் தன் பூட்டுமுறைக்கு 'பிளேஸ் ஃபார் ஷ்யூர்', அதாவது நிச்சயம் பாடும், என்று பெயர் வைத்தது. 2006-இல் அதே நிறுவனம் கொண்டுவந்த 'ஜூன்' (Zune) என்ற பாட்டுக் கருவியில் அந்தப் பாட்டுகள் பாடவில்லை. அந்த நிறுவனத்தின் எம்எஸ்என் மியூசிக் கடையில் வாங்கிய பாடல்களுக்கு உரிமம் தரும் சர்வரை 2008 ஆகஸ்ட் 31-ஆம் தேதியோடு நிறுத்தப்போவதாக அறிவித்தார்கள். அதற்குப் பிறகு புதுக் கணினிக்கு மாறினால் வாங்கிய பாட்டு வாய் திறக்காது. வாடிக்கையாளர்கள் கொதித்தெழுந்ததால்தான் 2011 வரை தவணை கிடைத்தது. யாஹூவும் 2008 செப்டம்பரில் தன் பாட்டுக் கடையின் சர்வரை மூடியது.

பூட்டு இல்லாவிட்டால் திருட்டு பெருகும் என்று சொல்வார்கள். 2007 பிப்ரவரியில் ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் எழுதிய திறந்த மடலில் இதற்கு விடை இருக்கிறது. 2006-இல் இணையக் கடைகளில் விற்ற பூட்டிய பாடல்கள் 200 கோடிக்கும் குறைவு. அதே ஆண்டு இசை நிறுவனங்களே சிடியில் பூட்டே இல்லாமல் விற்றவை 2,000 கோடிக்கும் மேல். வாசலைத் திறந்து போட்டுவிட்டு ஜன்னலுக்குத் தாழ்ப்பாள் போட்ட கதை. இரண்டு மாதத்தில் இஎம்ஐ (EMI) என்ற இசை நிறுவனம் இறங்கி வந்தது. அதன் 99 சென்ட் பாட்டை 1.29 டாலருக்குப் பூட்டில்லாமல், 256 கிலோபிட் தரத்தில் ஆப்பிள் விற்றது. 2009 ஜனவரியில் மற்ற பெரிய நிறுவனங்களும் பூட்டைக் கழற்றச் சம்மதித்தன. ஆனால் முன்பே வாங்கியவர்கள் தங்கள் பாட்டின் பூட்டைக் கழற்றப் பாட்டுக்கு 30 சென்ட் கூடுதலாகக் கட்ட வேண்டியிருந்தது.

இவ்வளவு பாடுபட்டுக் கழற்றிய பூட்டு இப்போது செயலிகள் வழியாகத் திரும்ப வந்திருக்கிறது. கட்டுரையாளர் 'பதிவிறக்கம்' என்று எழுதுகிறாரே, அந்தப் பொத்தானை அழுத்தினால் பாட்டு நம் கைப்பேசியில் வந்து உட்காரும், நம் கைக்கு வராது. சந்தா முடிந்த பிறகு திறக்காது. உரிம ஒப்பந்தம் முறிந்தால் பட்டியலிலிருந்தே மறைந்துவிடும். செயலிகளை நான் வெறுக்கவில்லை. புதுப் பாட்டைக் கேட்டுப் பார்க்க அதைவிட வசதி கிடையாது. தரமும் உயர்ந்திருக்கிறது. ஆப்பிள் மியூசிக் 2021 முதல் ஒலி இழப்பில்லாத பாடல்களைக் கூடுதல் கட்டணம் இல்லாமல் தருகிறது. (அதைச் சாதாரண புளூடூத் ஹெட்ஃபோனில் கேட்டால், வழியிலேயே மறுபடி சுருக்கப்பட்டுத்தான் காதுக்கு வரும். கம்பி ஹெட்ஃபோன் வைத்திருப்பவர்கள் தூக்கிப் போட்டுவிட வேண்டாம்.) ஆனால் கேட்பது வேறு, வைத்துக்கொள்வது வேறு.

நம் நாட்டிலும் பூட்டில்லாமல் விற்றுப் பார்த்தவர்கள் உண்டு. ஃபிளிப்கார்ட் 2012-இல் தொடங்கிய ஃபிளைட் கடை எம்பி3 பாடல்களைப் பூட்டில்லாமல் விற்றது. அடுத்த ஆண்டே மூடிவிட்டார்கள். கடை போனாலும் அங்கே வாங்கிய கோப்பு இன்றும் எந்தக் கருவியிலும் பாடும். எம்எஸ்என் கடையில் வாங்கியவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

பழைய கச்சேரிப் பதிவுகளை வைத்திருக்கும் இசைத்தட்டு நிறுவனங்களுக்கும் சபாக்களுக்கும் உங்கள் இதழ் வழியாக ஒரு வேண்டுகோள். அவற்றை ஃபிளாக் கோப்பாக, பூட்டில்லாமல் விற்பனைக்குக் கொடுங்கள். சிடியில் இருப்பதில் ஒரு பிட்கூடக் குறையாமல், ஏறக்குறைய பாதி இடத்தில் அது அடங்கிவிடும். நகல் பரவும் என்று அஞ்சினால், வாங்கியவர் பெயரைக் கோப்பிலேயே பொறித்துக் கொடுங்கள். ஆப்பிள் பூட்டைக் கழற்றிய பிறகும் அப்படித்தான் செய்தது. என் பெயர் அதில் இருப்பதில் எனக்கு வருத்தமே இல்லை, கடத்தின் ஓசை முழுதாக இருந்தால் போதும். நியாயமான விலை எதுவானாலும் தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கும்பகோணம்.