புதுக் கணினி வாங்காதே, முதலில் சார்ஜரைப் பார்

பாயான் லெப்பாஸ், பினாங்கு
ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பா,

நேற்று போனில் நீ அழாத குறையாகப் பேசியது இன்னும் காதிலேயே இருக்கிறது. ஆய்வேட்டைத் திறக்க ஐந்து நிமிடம் ஆகிறது, தட்டிய எழுத்து திரைக்கு வருவதற்குள் யோசித்தது மறந்துவிடுகிறது, பேசாமல் தவணையில் புதுசு வாங்கப் போகிறேன் என்றாய். அதன்பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. நடுராத்திரியில்தான் உறைத்தது. இந்தத் தொல்லையெல்லாம் தீபாவளிக்குப் பிறகுதானே? அப்போது உனக்கு வேறு சார்ஜர் வாங்கிக் கொடுத்தது நான்தான்.

காலையில் எழுந்ததும் அந்தப் பெட்டியைத் தேடி எடுத்தேன். 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர் என்று போட்டிருக்கிறது. பெருக்கினால் 65 வாட். நீ இங்கே விட்டுப்போன பழைய சார்ஜரில் அதே 19.5 வோல்ட், ஆனால் 6.67 ஆம்பியர். அதாவது 130 வாட். முனை பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்து வாங்கிவிட்டேன். முப்பது வருடம் ஃபேக்டரியில் சர்க்யூட் போர்டுகளைச் சோதித்தவன் இதைக் கவனித்திருக்க வேண்டும். மன்னித்துவிடும்மா.

கணினியைத் திறக்கும்போது கறுப்புத் திரையில் அடாப்டரைப் பற்றி ஏதோ வருகிறது, எண்டர் தட்டிவிட்டுப் போய்விடுவேன் என்று ஒருமுறை சொன்னாயே, அதில்தான் விஷயம் முழுவதும் இருக்கிறது. கிடைக்கும் கரண்ட் குறைவு, அதற்கேற்ப வேகத்தைக் குறைத்துக்கொள்கிறேன் என்று கணினி உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் குறைக்கிறது. இதில் அதன் தப்பு எதுவும் இல்லை. பவர் சப்ளையின் அளவுக்கு மேல் லோடு ஏற்றினால் என்ன ஆகும் என்று வேலையில் நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். வோல்ட் சரியும், இல்லையென்றால் சூடேறி அணைந்துபோகும். அப்படி ஆகாமல் இருக்கத்தான் பிராசசரை அடக்கி வைக்கிறார்கள்.

நீயே ஒருமுறை பார்த்துவிடு. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியூவைத் தொட்டால், ஸ்பீட் என்று ஓர் எண் ஓடிக்கொண்டிருக்கும். வேலை நடக்கும்போது அது 2, 3 கிகாஹெர்ட்ஸ் என்று ஏறி இறங்க வேண்டும். 0.4, 0.8 என்று ஒட்டிக்கொண்டு நின்றால், சார்ஜரைப் பிடுங்கிவிட்டு மறுபடி பார். சில கணினிகளில் ஒருமுறை அணைத்துப் போட்டால்தான் மாறும். பேட்டரியில் வேகமாக ஓடி, சார்ஜரைச் சொருகியதும் படுத்துக்கொண்டால் சந்தேகமே வேண்டாம். இரண்டிலும் மெதுவாக இருந்தால் காற்றாடித் தூசி, சூடு என்று வேறு காரணம் இருக்கலாம். அதை நான் வந்து கழற்றிப் பார்க்கிறேன்.

சார்ஜ் ஏறவில்லை என்று நீ கொண்டுவந்தாயே, அந்தப் பழைய சார்ஜரையும் இன்று மேசையில் வைத்து மீட்டர் பிடித்தேன். 19.5 வோல்ட் குறையாமல் வருகிறது! முனைக்குள் நடுவே ஒரு மெல்லிய ஊசி இருக்கிறது பார், கரண்ட் அது வழியாகப் போவதில்லை. சார்ஜருக்குள் இருக்கும் ஒரு சின்ன சிப், "நான் இத்தனை வாட்" என்று கணினிக்கு அதன் வழியாகத்தான் சொல்லும். அந்த ஊசிக்குப் போகும் வயர் கழுத்துப் பக்கம் அறுந்திருக்கிறது. சேதி வராததால் கணினி சார்ஜரை நம்பவில்லை, பேட்டரியையும் ஏற்றவில்லை. வோல்ட் மட்டும் பார்த்தால் இந்தக் கோளாறு பிடிபடாது. புது வயர் வைத்துச் சாலிடர் செய்துவிடலாம். ஆனால் உன் ஆய்வேடு இருக்கும் கணினியை அதை நம்பிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. பையில் வைக்கும்போது வயரைச் சார்ஜரைச் சுற்றி இறுக்கிக் கட்டாதே, கழுத்து அங்கேதான் ஒடிகிறது.

இன்னொன்று. இந்த வேகக் கட்டுப்பாட்டை நீக்குவதற்கென்றே மென்பொருள் இருக்கிறது, உன் நண்பர்கள் யாராவது போடச் சொல்வார்கள். போடாதே. அளவு குறைந்த சார்ஜரை வைத்துக்கொண்டு அந்தக் காவலை எடுத்தால், சார்ஜர் தாங்கும் அளவைத் தாண்டி இழுக்கும். பல கணினிகளில் சூட்டுக்கும் அதே காவல்தான்.

உன் கணக்கில் 250 வெள்ளி போட்டிருக்கிறேன். சனிக்கிழமை கோலாலம்பூரில் கணினிக் கடைகள் இருக்கும் லோ யாட் பிளாசாவுக்குப் போ. கணினியையும் கையோடு எடுத்துப் போய், உன் கணினி கம்பெனியின் அசல் 130 வாட் சார்ஜரே கேள். பிளக்கில் சிரிம் என்ற மலேசியத் தர முத்திரை இருக்கிறதா பார். அங்கேயே சொருகி, கணினியைத் திறக்கும்போது எஃப்2 தட்டினால் பயாஸ் என்ற அமைப்புத் திரை வரும், அதில் அடாப்டர் எத்தனை வாட் என்று காட்டும். 130 என்று வந்த பிறகு பணத்தைக் கொடு. கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

அதுவரை ராத்திரி கணினியை அணைத்துவிட்டுச் சார்ஜ் போடு. மெதுவாகத்தான் ஏறும், விடிவதற்குள் நிறைந்துவிடும். பகலில் பேட்டரியிலேயே எழுது. ஒவ்வொரு நாளும் எழுதியதை எனக்கும் ஒரு பிரதி அனுப்பி வை, பத்திரமாக இருக்கும்.

அம்மா முறுக்கு சுட்டு வைத்திருக்கிறாள், நாளைக்குத் தபாலில் போடுகிறேன். அந்தத் தவணைத் தாளில் மட்டும் இப்போது கையெழுத்துப் போடாதே. ஸ்பீட் எண் என்ன காட்டுகிறது என்று இன்றைக்கே ஒரு படம் எடுத்து அனுப்பு. விழித்துத்தான் இருப்பேன்.

அன்புடன்,
அப்பா