என்ன பார்த்தீர்கள் என்று பில்லில் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

உயர்தரப் பரீட்சை முடிந்த கையோடு என் மகன் வீட்டிலேயே ஒரு கம்ப்யூட்டர் பூட்டினான். பாகங்களெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிச் சேர்த்தவை. பட்டனை அமுக்கினால் விசிறி ஒரு துள்ளுத் துள்ளி நின்றுவிடும். எத்தனை தடவை அமுக்கினாலும் அதே கதைதான்.

மறுநாள் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு பம்பலப்பிட்டியில் ஒரு கடைக்குப் போனோம். அங்கிருந்தவர் பக்கக் கதவைக் கழற்றி, டோர்ச் அடித்துப் பார்த்தார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மதர்போர்ட் (மற்றப் பாகங்களெல்லாம் பூட்டப்படும் பெரிய பலகை) செத்துவிட்டது, புதியது 48,000 என்றார். பார்த்ததற்குக் கூலி 2,000 ரூபாய்.

அன்றிரவு மேல்மாடியில் இருக்கும் சிங்களப் பொடியன் வந்தான். முதலில் பவர் சப்ளையை, அதாவது எல்லாப் பாகங்களுக்கும் கரண்ட் கொடுக்கும் பெட்டியை, தனியே எடுத்தான். 24 முனைப் பிளக்கில் பச்சை வயரையும் கறுப்பு வயரையும் ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்துவிட்டு, அப்புறம் சுவிச்சைப் போட்டான். அது ஒழுங்காக ஓடியது. (பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் யாரும் திறக்க வேண்டாம், பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கி நிற்குமாம்.) பிறகு போர்டைக் கேசிங்கிலிருந்து வெளியே எடுத்து, அது வந்த அட்டைப்பெட்டியின் மேல் வைத்து வயர்களைக் கொடுத்தான். பவர் சுவிச் வயர் குத்தும் இரண்டு ஊசிகளையும் ஸ்குரூ டிரைவர் நுனியால் தொட்டதும், 'செத்த' போர்டின் விசிறி நிற்காமல் சுழன்றது.

பிழை மகனுடையதுதான். போர்டைத் தாங்கும் சின்னப் பித்தளைக் கால்களைக் கேசிங்கில் கண்ட துளையிலெல்லாம் பூட்டியிருக்கிறான். அவனுடையது ஏடிஎக்ஸ் என்ற பெரிய அளவுப் போர்ட், அதற்கு 9 கால் போதும். சிறிய மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டுக்கான துளையில் இருந்த பத்தாவது கால், போர்டின் அடியில் ஈயம் வைத்த இடத்தில் முட்டி ஷோர்ட் ஆக்கியிருக்கிறது. பவர் சப்ளை தன்னைக் காத்துக்கொள்ள உடனே நின்றிருக்கிறது.

கடைக்காரர் போர்டைத் தூக்கிப் பார்க்கவே இல்லை. நான் தபாலகத்தில் 31 வருடம் வேலை செய்தவன். ஒரு பதிவுத் தபாலுக்கே இலக்கம் போட்டுப் பற்றுச்சீட்டு கொடுத்தோம். 2,000 ரூபாய் வாங்குகிறவர் எதைக் கழற்றினார், எதை மாற்றிப் பார்த்தார் என்று பில்லில் இரண்டு வரி எழுதக்கூடாதா? எங்கள் பில்லில் இருந்தது 'செக்கிங்' என்ற ஒரு சொல்தான்.

கம்ப்யூட்டர் இப்போது ஓடுகிறது. அந்தப் பத்தாவது கால் என் மேசை லாச்சியில் கிடக்கிறது.

ஓய்வுபெற்ற தபால் ஊழியர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6