அந்த நோயாளியைக் கொஞ்சம் பேச விடுங்கள்: தமிழ்த் திரைக்கதாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

1962-இல் ஸ்ரீதர் எடுத்த ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ படத்தில், புற்றுநோய் வந்த கணவன் அறுவை சிகிச்சைக்குப் பின் பிழைத்துக்கொள்கிறான், இறந்துபோவது மருத்துவர். இருபது ஆண்டுகள் கழித்து, 1982-இல் வந்த ‘வாழ்வே மாயம்’, ‘பயணங்கள் முடிவதில்லை’ இரண்டிலும் நாயகனைப் புற்றுநோய் கொண்டுபோகிறது. மருத்துவம் முன்னே போக, கதை பின்னே போயிருக்கிறது. (பாட்டுகளைக் குறை சொல்ல மாட்டேன்.)

என் அக்காவுக்கு இரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தபோது, பார்க்க வந்த உறவினர்கள் துக்கம் விசாரிக்க வந்தவர்களாகவே கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்கு வந்தது நாள்பட்ட மைலாய்டு வகை. 2001-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இமாட்டினிப் மாத்திரைக்குப் பிறகு, இந்த வகை நோயாளிகளில் பெரும்பாலோர் தினமும் மாத்திரை போட்டுக்கொண்டு பல ஆண்டுகள் வாழ்கிறார்கள். அக்காவும் வேலைக்குப் போகிறாள். வந்தவர்களுக்கோ தெரிந்ததெல்லாம் நீங்கள் காட்டியதுதான்: கைக்குட்டையில் இரத்தம், கண்ணாடியைக் கழற்றும் டாக்டர், காதலி தன்னை வெறுக்கவேண்டும் என்று நடிக்கும் நாயகன்.

நோயை மறைப்பதைத் தியாகமாக்கியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் வீட்டிலும் முதல் வாரம் ஃபைலை அவள் கண்ணில் படாமல் பீரோவில் வைத்தார்கள். உடம்பு அவளுடையது, அவளிடம் மட்டும் யாரும் எதையும் கேட்கவில்லை.

சாவே வேண்டாம் என்று சொல்லவில்லை. எல்லோரும் பிழைப்பதில்லை. ஆனால் அதற்கு முன்னால் எத்தனை காட்சிகள் கிடக்கின்றன! முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்காக வருமானச் சான்றிதழ் கேட்டு அலையும் தம்பி. பிளேட்லெட் கொடுக்க ஆள் தேடி நண்பர்களுக்கெல்லாம் போன் போடும் மாமா. மருத்துவமனைக்குப் பக்கத்தில் நாள் வாடகை அறையில் கஞ்சி காய்ச்சும் அம்மா. துணைக்கு இருக்க யார் வேலையை விடுவது என்று அண்ணனும் அண்ணியும் போடும் சண்டை. பெரும்பாலும் அண்ணிதான் விடுவாள், அதையும் எழுதுங்கள்.

குடும்பக் கதைதான் வேண்டுமென்றால், தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி முன்னின்று பாடுபட்டு, 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை பிறந்ததே, அது போதாதா?

அடுத்த கதையில் ஒருவருக்குப் புற்றுநோய் வைப்பதற்கு முன், எந்த வகை, எந்த நிலை என்று ஒரு மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். பரிசோதனை முடிவைச் சொல்லும் காட்சியில் நோயாளியும் அதே அறையில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
டிக்கெட் வாங்கிப் படம் பார்க்கும் ஒரு தம்பி